இரண்டாவது கையொப்பம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



மருத்துவர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, சோற்றைக் குறையுங்கள், நடவுங்கள் என்று முடிப்போம் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கிளினிக்கில் சொல்லிக்கொள்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஆட்சி செய்பவரின் கையில் இருக்கும் அதிகாரத்துக்கு யார் காவல்? குடியியற் பாடத்தில் 'வலுவேறாக்கம்', 'தடைகளும் சமன்பாடுகளும்' என்று படித்துப் பரீட்சையோடு மறந்துவிட்ட அந்தப் பாடம்தான். கட்சி அரசியல் பேசப் போவதில்லை. ஆனால் இந்தப் பாடம் எங்கள் வயலையும் காணியையும் மருந்துப் பையையும் எப்படித் தொட்டது என்பதைப் பேசாமல் விட முடியாது.

முதலில் எங்கள் சங்கத்தையே பாருங்கள். நூறு வருடமாக இது நிலைத்திருப்பதற்கு அன்பு மட்டும் காரணம் இல்லை. எங்களுக்கு ஒரு யாப்பு இருக்கிறது. காசோலையில் ஒருவர் கையொப்பம் போதாது. பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்பட வேண்டும். கணக்காய்வாளர் நிர்வாகக் குழுவில் இருக்கக்கூடாது. தலைவி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த விதிகள் மாறுவதில்லை. "எங்களை நம்பவில்லையா?" என்று எந்தத் தலைவியும் கோபித்துக்கொண்டதும் இல்லை.

வைத்தியசாலையிலும் அப்படித்தான். ஒருவருக்குக் குருதி ஏற்றுவதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து பெயரையும் குருதி வகையையும் பையின் இலக்கத்தையும் வாசித்துச் சரிபார்க்கிறோம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் கத்தி வைக்குமுன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று நோயாளி யார், எந்தப் பக்கம், என்ன சிகிச்சை என்று உரத்துச் சொல்கிறோம். அந்த நிமிடத்தில் இளைய தாதியும் மூத்த நிபுணரை நிறுத்தலாம். களைப்பும் அவசரமும் எல்லோருக்கும் உண்டு. திறமைசாலிக்கும் உண்டு. அதனால்தான் அந்த விதி.

அரசாங்கத்துக்கும் இதே நியாயம்தான். சட்டம் இயற்றுவது பாராளுமன்றம், நிறைவேற்றுவது நிறைவேற்றுத்துறை, சட்டம் மீறப்பட்டதா என்று பார்ப்பது நீதித்துறை. மூன்றும் ஒரே கைக்குள் போகக்கூடாது என்று பிரெஞ்சு அறிஞர் மொண்டெஸ்கியூ 1748 இல் எழுதினார். அவருக்கு எவ்வளவோ காலம் முன்னரே, இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளவேண்டியதைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே பாடிவிட்டார். பெரியோர் மனமிருந்தால் இடித்துரைப்பர், மன்னன் மனமிருந்தால் கேட்பான் என்பது பழைய ஏற்பாடு. மனமில்லாவிட்டாலும் கேட்டாக வேண்டும் என்பதே அரசியலமைப்பு.

எங்கள் நாட்டில் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நிறைவேற்றதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து கயிறு இழுத்தல் போட்டிதான். 2001 இல் 17 ஆம் திருத்தம் அரசியலமைப்புப் பேரவையை உருவாக்கி, உயர் பதவி நியமனங்களில் ஜனாதிபதியின் தனி விருப்பத்துக்கு வரம்பு வைத்தது. 2010 இல் 18 ஆம் திருத்தம் அந்த வரம்பை எடுத்து, ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற கட்டுப்பாட்டையும் நீக்கியது. 2015 இல் 19 ஆம் திருத்தம் மீண்டும் கட்டியது. 2020 ஒக்டோபரில் 20 ஆம் திருத்தம் அவிழ்த்தது. 2022 ஒக்டோபரில் 21 ஆம் திருத்தம் ஓரளவு திரும்பக் கட்டியது. இருபத்தொரு வருடத்தில் ஐந்து தடவை. ஒரு நோயாளிக்கு இத்தனை தரம் மருந்தை மாற்றினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

அதிகாரத்தைத் தடுக்கும் வேலை மூன்று காலத்தில் நடக்கலாம். நோய் வருமுன் தடுப்பது ஒன்று. வந்ததும் சிகிச்சை கொடுப்பது இரண்டாவது. எல்லாம் முடிந்தபின் பிரேத பரிசோதனை மூன்றாவது. மூன்றுக்கும் எங்கள் அனுபவத்திலேயே உதாரணம் இருக்கிறது.

வருமுன் தடுப்பது எப்படி என்பதற்கு 2012 ஐப் பாருங்கள். 'திவிநெகும' என்ற சட்டமூலம் வந்தது. சமுர்த்தி அதிகாரசபை உட்பட சில நிறுவனங்களை ஒன்றாக்கி, மத்திய அமைச்சு ஒன்றின் கீழ்த் திணைக்களமாக்கும் திட்டம். இது மாகாண சபைகளின் விடயங்களைத் தொடுவதால் அவற்றின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அப்போது வடக்கில் தெரிவு செய்யப்பட்ட மாகாண சபையே இல்லை. ஜனாதிபதி நியமித்த ஆளுநர் வடக்கின் சார்பில் சம்மதம் கொடுத்தார். அது வழக்காகி, சபையின் இடத்தில் நின்று ஆளுநர் சம்மதம் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இருந்த எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதை நாட்டின் அதியுயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நாள் அது.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் ஷிராணி பண்டாரநாயக்க, இலங்கையின் முதலாவது பெண் பிரதம நீதியரசர். 2012 நவம்பர் முதலாம் திகதி 117 பாராளுமன்ற உறுப்பினர்கள் கையொப்பமிட்ட குற்றப்பிரேரணை அவருக்கு எதிராகச் சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்த முறை செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியும், 2013 ஜனவரி 11 இல் 155 க்கு 49 என்ற வாக்குகளால் பிரேரணை நிறைவேறியது. அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இரண்டு வருடம் கழித்து, 2015 ஜனவரி 28 இல், அந்த நீக்கமே சட்டப்படி செல்லாது என்று சொல்லி அவரை மீண்டும் ஆசனத்தில் அமர்த்தினார்கள். மறுநாள் அவர் ஓய்வு பெற்றார். திவிநெகும சட்டமும் இதற்கிடையில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறிவிட்டது. தடுப்பூசி வேலை செய்தது, ஆனால் ஊசி போட்டவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று சொல்லலாம்.

அடுத்தது, வந்ததும் சிகிச்சை. 2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி இரவு, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவை நியமித்தார். பாராளுமன்றத்தில் பெரும்பான்மை காட்ட முடியாமற் போகவே, நவம்பர் 9 இல் பாராளுமன்றத்தையே கலைத்தார். நாலரை வருடம் முடியுமுன் கலைப்பதானால் மூன்றில் இரண்டு உறுப்பினர்கள் கேட்டிருக்க வேண்டும் என்பது 19 ஆம் திருத்தத்தின் விதி. பலர் உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்குக்குப் பெயர் தந்த மனுதாரர் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் இரா. சம்பந்தன். நவம்பர் 13 இல் இடைக்காலத் தடை. டிசம்பர் 13 இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக, கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார்கள். ஜனாதிபதியின் உத்தியோகச் செயலை, சட்டமா அதிபரை எதிராளியாக்கி அடிப்படை உரிமை மனுவில் கேள்வி கேட்கலாம் என்ற வழியும் 2015 இல் திறக்கப்பட்டதுதான். அந்த வழி இருந்திராவிட்டால் அந்தத் தீர்ப்பும் இல்லை. லண்டனிலிருந்து வந்திருக்கும் அக்காமாருக்கு 2019 செப்டெம்பர் நினைவிருக்கும். அங்கே பிரதமர் பாராளுமன்றத்தை இடைநிறுத்தியது செல்லாது என்று ஹேல் சீமாட்டி தலைமையில் பதினொரு நீதியரசர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். கொழும்பு அந்தப் பாடத்தை முந்திய வருடமே படித்துவிட்டது.

கொழும்பில் யார் பிரதமராக இருந்தால் எங்களுக்கென்ன என்று அப்போது பல வீடுகளில் கேட்டதுண்டு. அப்படியானால் 2025 க்கு வருவோம். அந்த வருடம் மார்ச் 28 ஆம் திகதி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. ஆங்கிலேயர் காலத்துக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் கோரவேண்டும், கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்பது அதன் சாரம். யாழ்ப்பாணத்தில் 3,669 ஏக்கர், முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54.

மூன்று மாதம். அந்தக் காணிகளின் சொந்தக்காரர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியவர்கள். அந்தப் பையையும் மாத்தளனிலோ முள்ளிவாய்க்காலிலோ விட்டுவிட்டு உயிரோடு மட்டும் வந்தவர்கள். கணவனின் பெயரில் உறுதி, கணவனோ காணாமல் ஆக்கப்பட்டவர், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத மனைவியர். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் மெல்பேணிலும் இருந்துகொண்டு, தகப்பனின் தென்னங்காணி அப்படியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் நீங்கள். வர்த்தமானியை யார் வாசிக்கிறார்கள்? பிரதேச செயலகத்துக்கு முன்னால் நிற்கும் தாய் வாசிப்பாரா? அது எவரையும் சுட்டிப் பேசவில்லை, எவரையும் திட்டவில்லை. ஓர் இலக்கம், ஒரு திகதி, ஒரு கையொப்பம். நிறைவேற்றதிகாரம் எங்கள் வீட்டு வாசலுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

சட்டத்தரணியும் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினருமான எம். ஏ. சுமந்திரன் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். அவகாசம் முடியும் தறுவாயில், ஜூன் 27 ஆம் திகதி, நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த வர்த்தமானியும் மீளப்பெறப்பட்டது. ஒரு ஜனாதிபதியை 2018 இல் தடுத்த அதே வகை மனுதான், அதே நீதிமன்றம்தான், முல்லைத்தீவின் 1,703 ஏக்கருக்கும் காவலாக நின்றது. கொழும்பில் அந்தக் கதவு மூடினால் இங்கே எங்கள் படலையும் மூடும்.

மூன்றாவது, பிரேத பரிசோதனை. 2021 மே மாதம், இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியால் தடை செய்யப்பட்டது. விவசாயப் பேராசிரியர்கள் எச்சரித்தார்கள். கேட்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. அந்தக் காலபோகத்தில் இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் விதைத்தவர்கள் என்ன பட்டார்கள் என்று உங்கள் வீட்டிலேயே கேட்கலாம். நவம்பரில் தடையை நீக்கினார்கள். பயிர் நவம்பருக்காகக் காத்திருக்கவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்தது. அந்த வருடம் நாங்கள் கடமை செய்த வாட்டில் மருந்தை எண்ணி எண்ணிக் கொடுத்தோம். ஒரு மாதத்துக்கு எழுதவேண்டிய மாத்திரையை இரண்டு கிழமைக்கு எழுதினோம். பேருந்தும் பெற்றோலும் இல்லாமல் கிளினிக்குக்கு வராமல் விட்ட முதியவர்களில் சிலரை, பிறகு பக்கவாதத்தோடு கட்டிலில்தான் கண்டோம்.

2023 நவம்பர் 14 இல் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உட்பட அந்தப் பொருளாதாரத்தை நடத்தியவர்கள் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் கூறியது. பெரிய தீர்ப்பு. வருங்காலத்துக்கு உதவும் தீர்ப்பு. ஆனாலும் அந்தக் கட்டில்களில் கிடந்தவர்களுக்கு அது பிரேத பரிசோதனை அறிக்கைதான். ஒருவர் மட்டும் முடிவெடுத்தால் வேலை விரைவாக நடக்கும் என்பார்கள். பிழையும் அதே விரைவோடுதான் நடக்கிறது. "ஒரு பலமான தலைவர் வந்தால் எல்லாம் சரியாகும்" என்று யாராவது சொல்லும்போது, எங்களுக்கு அந்த மருந்துச் சிட்டைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

நீதிமன்றம் மட்டும் இருந்தால் போதும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். நீதிமன்றத்திடம் படையும் இல்லை, பணமும் இல்லை. அதன் கட்டளையை நிறைவேற்றுவது பொலிஸ், பொலிஸ் இருப்பது நிறைவேற்றுத்துறையின் கீழ். 2019 செப்டெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோவில் வளவில் பிக்கு ஒருவரின் உடலைத் தகனம் செய்யக்கூடாது, வேறு இடத்தில் செய்யவேண்டும் என்று முல்லைத்தீவு நீதிமன்றம் கட்டளையிட்டது. கட்டளையை மீறி, பொலிஸார் நிற்கும்போதே, கோவில் வளவில் தகனம் நடந்தது. 2023 செப்டெம்பரில், குருந்தூர்மலை வழக்கை விசாரித்துவந்த முல்லைத்தீவு நீதிபதி, உயிர் அச்சுறுத்தலையும் அழுத்தத்தையும் காரணம் காட்டிப் பதவி துறந்து நாட்டை விட்டே போனார். வடக்குக் கிழக்குச் சட்டத்தரணிகள் கறுப்புக் கோட்டோடு வீதியில் இறங்கினார்கள். தடுப்பவருக்கே பாதுகாப்பு இல்லையென்றால் தடுப்பு எப்படி இருக்கும்?

இன்னொரு தடுப்பும் எங்களிடம் இல்லாமல் இருக்கிறது. 2013 செப்டெம்பர் 21 இல் முதன்முதலாகத் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இந்த உரையை எழுதும் வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை. எங்கள் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் பெரும்பாலானவை மாகாணத்துக்கு உரியவை. நோயாளர் காவு வண்டி ஏன் ஓடவில்லை, விடுதியில் ஏன் தாதியர் இல்லை என்று எழுந்து நின்று கேட்பதற்கு ஒரு சபை இல்லை. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆளுநர் நல்லவராக இருக்கலாம். கேள்வி கேட்பவர் இல்லை என்பதுதான் குறை.

அக்காமாரே, தங்கைமாரே, குறை சொல்லிவிட்டு இறங்கிப்போவது மருத்துவருக்கு அழகில்லை. சிட்டை எழுத வேண்டும். நாலே நாலு மருந்து.

ஒன்று, காணிப் பத்திரங்கள். உறுதி, பெர்மிற், அளிப்புப் பத்திரம், நில அளவைப் படம் எது இருந்தாலும் இரண்டு பிரதி எடுத்து இரண்டு வெவ்வேறு இடத்தில் வையுங்கள். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் நம்பிக்கையான ஒருவரை, முறையான அற்றோர்ணித் தத்துவத்தோடு நியமியுங்கள்.

இரண்டு, காலக்கெடு. அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் இருக்கிறது. முல்லைத்தீவிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் அலுவலகம் உண்டு. இதை ஒரு துண்டுப் பிரசுரமாக எங்கள் சங்கமே அச்சிட்டுக் கொடுக்கலாம்.

மூன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டம். எந்த அரச அலுவலகத்திடமும் தகவல் கேட்டு எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். சண்டையும் வேண்டாம், சத்தமும் வேண்டாம். ஒரு தாளும் பேனையும் போதும்.

நான்கு, இந்தப் பிள்ளைகள். கல்லூரியில் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. வருடம் ஒருமுறை வெள்ளைக் கையுறை போட்டுச் சத்தியப்பிரமாணம் எடுத்துப் படம் பிடிப்பதோடு அது நின்றுவிடக்கூடாது. தவணைக்கு ஒருமுறை பிள்ளைகள் எழுத்தில் கேள்வி கேட்கட்டும், அதிபர் அவர்கள் எழுத்தில் பதில் தரட்டும். மலசலகூடத்துக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று மரியாதையோடு கேட்டுப் பதில் பெற்ற பிள்ளை, நாளைக்குப் பிரதேச செயலகத்தில் கூனிக் குறுகி நிற்காது. பெண்பிள்ளை எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது என்று வளர்த்த வீடுகளிலிருந்துதான் எங்களில் பலர் வந்தோம். கேட்கப் பழக்கியது இந்தக் கல்லூரி. கணக்குப் பிழையென்று எழுந்து சொன்ன பிள்ளையிடம், "சரி, வந்து கரும்பலகையில் செய்து காட்டு" என்று சோக்கட்டியை நீட்டிய ஆசிரியைகள் எங்களுக்கு இருந்தார்கள். அவர்களில் சிலர் இன்று இந்த முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் வணக்கம்.

இந்தச் சங்கம் தொடங்கியபோது இந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமைகூட இருக்கவில்லை. அது 1931 இல் வந்தது. வாக்குப் போட்டுவிட்டு ஐந்து வருடம் பேசாமல் இருப்பதற்காக அந்த உரிமை தரப்படவில்லை.

இன்னும் சற்று நேரத்தில் பொருளாளர் நூற்றாண்டு நிதியின் கணக்கை வாசிக்கப் போகிறார். தேநீருக்கு எழும்பிப் போய்விடாமல் இருந்து கேளுங்கள். விளங்காவிட்டால் கை உயர்த்திக் கேளுங்கள். அவர் கோபிக்கமாட்டார்.